சிறு வியாபாரத்தில் செயற்கை நுண்ணறிவு: எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது?

எங்கள் புடைவைக் கடையில் காசு மேசைக்கு மேலே ஒரு பலகை தொங்குகின்றது. 'வெட்டிய துணி திருப்பி எடுக்கப்படமாட்டாது' என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்டிருக்கும். இருபத்திரண்டு வருடங்களாக அது அங்கேதான் இருக்கின்றது. சென்ற நோன்புப் பெருநாளைக்குப் பின்னர் அந்தப் பலகையையே பொய்யாக்கும் ஒரு சம்பவம் நடந்தது.

பெருநாளைக்கு இரண்டு வாரங்களுக்கு முன் என் மகன் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஒரு விளம்பரம் தயாரித்தான். புதிதாக வந்த துணி வகைகளின் பெயரையும் விலையையும் கைத்தொலைபேசியில் எழுதிக் கொடுத்தான். அரை நிமிடத்தில் இரு மொழிகளிலும் அழகான விளம்பரம் வந்தது. நான் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு மகன், அனுப்புங்க" என்றேன். வட்ஸ்அப் மூலம் நானூறு பேருக்குப் போய்ச் சேர்ந்தது.

பெருநாள் முடிந்து மூன்றாம் நாள், எங்கள் நீண்டகால வாடிக்கையாளரான ஓர் ஆசிரியை வெட்டிய துணி ஆறு மீற்றருடன் வந்தார். வீட்டில் நிறம் பிடிக்கவில்லையாம். நான் பலகையைக் காட்டினேன். அவர் தன் கைத்தொலைபேசியைக் காட்டி, "இது நீங்க அனுப்பினதுதானே நானா?" என்று கேட்டார். விளம்பரத்தின் கடைசி வரியில், 'திருப்தி இல்லையெனில் 7 நாட்களுக்குள் பணத்தைத் திருப்பிப் பெறலாம்' என்றிருந்தது.

அதை நானும் சொல்லவில்லை, மகனும் சொல்லவில்லை. விளம்பரங்களில் அடிக்கடி வரும் வரி என்பதால் அது தானாகவே சேர்ந்துவிட்டது. 4,800 ரூபாவை எண்ணிக் கொடுத்தேன். அந்த வாரத்தில் மேலும் மூவருக்குக் கொடுத்தேன். "கணனி எழுதியது" என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் விளம்பரத்தின் அடியில் இருந்தது கணனியின் பெயரல்ல. என் வாப்பா ஆரம்பித்த கடையின் பெயர்.

இதன் பிறகு அதனைப் பாவிக்க வேண்டாம் என்று மகனிடம் சொல்வேன் என வீட்டில் எதிர்பார்த்தார்கள். நான் சொல்லவில்லை. இன்றும் பாவிக்கின்றோம். ஆனால் எந்த வேலைக்கு, எந்த நிபந்தனையுடன் என்பதை ஒழுங்குபடுத்திக் கொண்டோம். அந்தப் பாடத்தையே இங்கு உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

இது எப்படி வேலை செய்கின்றது?

சட்ஜிபிடி 2022 நவம்பர் இறுதியில் பொதுமக்கள் பாவனைக்கு வந்தது. கூகுளின் ஜெமினி போன்றவை அதனைத் தொடர்ந்து வந்தன. ஏராளமான எழுத்துகளைக் கொண்டு இவை பயிற்றுவிக்கப்பட்டுள்ளன. ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருவது பொருத்தம் எனக் கணித்தே இவை வசனங்களை அமைக்கின்றன. எனவே நடை அழகாக இருப்பதால் விடயமும் சரி என்று எண்ணிவிடக் கூடாது. உங்கள் கடையைப் பற்றி நீங்கள் சொன்னது மாத்திரமே அதற்குத் தெரியும். சொல்லாத இடங்களைப் பொருத்தமாகத் தோன்றும் சொற்களால் நிரப்பிவிடும்.

நேற்று வேலைக்குச் சேர்ந்த கெட்டிக்காரப் பையன் ஒருவனை நினைத்துப் பாருங்கள். வாய்ச்சாலகம் உண்டு, களைப்பே இல்லை. ஆனால் கடையின் வழக்கம் எதுவும் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தயங்குவான். அவனை முதல் நாளே காசு மேசையில் அமர்த்துவோமா?

பெரிய நிறுவனங்களும் தானியங்கிப் பதில்களால் மாட்டிக்கொண்டதுண்டு. மரணச் சடங்குக்காகப் பயணிப்போருக்குரிய சலுகைக் கட்டணத்தைப் பயணத்தின் பின்னரும் கோரலாம் என்று எயார் கனடா இணையத்தளத்தின் தானியங்கி ஒரு பயணிக்குச் சொன்னது. நிறுவனத்தின் விதி அப்படியல்ல. தானியங்கியின் சொல்லுக்குத் தாம் பொறுப்பல்ல என்ற வகையில் நிறுவனம் வாதிட்டது. 2024 பெப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் அதனை ஏற்க மறுத்து, அப்பயணிக்கு நட்டஈடு வழங்கப் பணித்தது. நமக்கும் இதுவே பாடம்: எழுதியது யாராக இருந்தாலும் வாக்கு நம்முடையதே.

கொடுக்கக் கூடிய வேலைகள்

1. எழுத்து வேலை: விலைப்பட்டியல், விளம்பரம், மொத்த வியாபாரிக்கு ஆங்கிலக் கடிதம், கடன்காரருக்கு மரியாதையான நினைவூட்டல் ஆகியவற்றை இது நன்றாகச் செய்யும். ஆனால் ஒவ்வொரு முறையும் நாங்கள் இந்த வரிகளைச் சேர்த்தே கேட்கின்றோம்: 'நான் தந்த விபரங்களைத் தவிர வேறு சலுகையோ வாக்குறுதியோ சேர்க்க வேண்டாம். விபரம் போதாவிட்டால் என்னிடம் கேட்கவும்.' இது தவறைக் குறைக்கும், முற்றாக நிறுத்தாது. மொழியையும் கவனியுங்கள். எங்கள் விளம்பரத்தில் சாரனுக்குப் பதிலாக 'லுங்கி' என்று வந்திருந்தது. சிங்களத்தில் வருவதை எங்கள் கடையில் வேலை செய்யும் சிங்களச் சகோதரர் வாசித்துச் சரி என்று சொன்ன பின்னரே அனுப்புகின்றோம்.

2. விலைக் கணக்கு: '800 ரூபாவுக்கு வாங்கிய சாரனுக்கு 20 வீத இலாபம் வைத்து விலை சொல்' என்று கேட்டேன். 960 ரூபா என்றது. வாங்கிய விலையில் 20 வீதம் என்றால் அது சரி. ஆனால் நான் நினைத்தது, விற்கும் ஒவ்வொரு 100 ரூபாவிலும் 20 ரூபா மிஞ்ச வேண்டும் என்பது. அதற்கு 800ஐ 0.80 ஆல் வகுக்க வேண்டும். விலை 1,000 ரூபா. 960க்கு விற்றால் விற்பனையில் இலாபம் ஏறத்தாழ 16.7 வீதமே. நூறு சாரனில் வித்தியாசம் 4,000 ரூபா. இங்கு இயந்திரம் பிழைவிடவில்லை, என் கேள்விதான் அரைகுறை. வாங்கிய விலையிலா, விற்கும் விலையிலா என்று தெளிவாகச் சொல்லுங்கள். விடையைக் கல்குலேட்டரில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

3. இருப்புக் கணக்கு: ஒரு வகைச் சாரன் வாரத்துக்கு 6 விற்பதாக வைத்துக்கொள்வோம். புறக்கோட்டையிலிருந்து சரக்கு வந்து சேர 2 வாரங்கள் எடுக்கின்றது. அந்த இடைவெளியில் 12 விற்றுவிடும். பாதுகாப்புக்கு ஒரு வார விற்பனையான 6ஐயும் சேர்த்தால், இருப்பு 18க்கு இறங்கும்போது ஓடர் கொடுக்க வேண்டும். இதே கணக்கை இருநூறு சாமான்களுக்குக் கையால் செய்ய நமக்கு நேரமில்லை. மூன்று மாத விற்பனையைக் கொடுத்தால் பட்டியல் போட்டுத் தரும். அசையாமல் கிடக்கும் சரக்கையும் பிரித்துக் காட்டும். ஆனால் பெருநாளும் பாடசாலைத் தவணையும் எப்போது வருகின்றன என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். பட்டியலில் ஐந்தாறு சாமான்களையாவது கையால் கணக்கிட்டு ஒப்பிடுங்கள்.

கொடுக்கக் கூடாதவை

1. கடன் கொப்பி: வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம், அவர் தரவேண்டிய தொகை ஆகியன நம்மிடம் உள்ள அமானிதம். அதனைப் படமெடுத்து இதற்குள் போட வேண்டாம். ஊழியர்கள் உள்ளகத் தகவல்களைச் சட்ஜிபிடியில் இட்டதையடுத்து, சாம்சுங் நிறுவனமே 2023 மே மாதத்தில் இவற்றின் பாவனையைக் கட்டுப்படுத்தியது. நம் நாட்டிலும் தனிநபர் தரவுகளைப் பாதுகாப்பதற்கென 2022 இல் 9 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. கணக்குப் பார்க்க வேண்டுமானால் பெயர்களை நீக்கி, 'வாடிக்கையாளர் 1', 'வாடிக்கையாளர் 2' என்று போட்டுக் கொடுங்கள்.

2. வரியும் சட்டமும்: நமது வற் வரி 2022 ஜூனில் 8 வீதத்திலிருந்து 12 ஆகியது, அதே ஆண்டு செப்டெம்பரில் 15 ஆகியது, 2024 ஜனவரியில் 18 ஆகியது. இவ்வளவு விரைவாக மாறும் விடயத்தில் பழைய எழுத்தைப் படித்த இயந்திரம் பழைய விடையைத் தரக்கூடும். சொல்லை விளங்கிக்கொள்ள அதனிடம் கேளுங்கள். விண்ணப்பத்தில் எழுதும் எண்ணை உங்கள் கணக்காளரிடமோ உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திலோ உறுதிசெய்யுங்கள்.

3. கடைசித் தீர்மானம்: யாருக்குக் கடன் கொடுப்பது, யாருக்குத் தவணை நீட்டுவது என்பதை அதனிடம் விடாதீர்கள். மூன்று மாதம் பணம் தராதவர் ஏமாற்றுக்காரரா, அல்லது மனைவியை ஆஸ்பத்திரியில் வைத்திருப்பவரா என்பது கொப்பியில் எழுதப்பட்டிருக்காது. ஊரில் இருக்கும் நமக்குத்தான் தெரியும்.

அந்த ஆசிரியை ஹஜ்ஜுப் பெருநாளைக்கும் எங்களிடமே வந்தார். துணியை வெட்டுமுன் பலகையைக் காட்டி, "இப்ப எது சரி நானா? பலகையா, மெசேஜா?" என்று சிரித்தார். "ரெண்டும் ஒண்டுதான் டீச்சர், இப்ப நான் வாசிச்சுப் பார்த்துத்தான் அனுப்புற" என்றேன்.

இந்த வாரப் பயிற்சி

உங்கள் கடைக்கு ஒரே ஒரு விளம்பரத்தை இதன் மூலம் எழுதிப் பாருங்கள். அனுப்புமுன் கடதாசியில் எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் ஒவ்வொரு வாக்குறுதிக்கும் அடியில் கோடிடுங்கள். பின்னர் ஒவ்வொரு கோட்டுக்கும், 'இதை நான் சொன்னேனா? நாளை ஒருவர் இதைக் காட்டிக் கேட்டால் கொடுப்பேனா?' என்று உங்களையே கேளுங்கள். ஒரு கோட்டுக்காவது 'இல்லை' என்று பதில் வந்தால் அந்த வரியை வெட்டிவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான். எனக்கு அந்த ஐந்து நிமிடம் இல்லாமல் போனதால், நான்கு பேருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது.