கைக்கு எட்டும், கையில் தட்டாது

கேள்வி: மேடையில் ஒளியால் தோன்றும் உருவங்களோடு ஆடுகிறார்களே, ஓடுகிற வீடியோவுக்குத் தக்கபடி அடி வைப்பதுதானே அது?

பதில்: பல மேடைகளில் அதுதான். ஒரு நொடி பிசகினால் குட்டு வெளிப்பட்டுவிடும். பிரான்சின் 'அட்ரியன் எம் - கிளேர் பி' குழு வேறு வழி பிடித்தது. 2013இல் வந்த அவர்களின் 'ஹகனாய்' நிகழ்ச்சியில், மெல்லிய வலைத்துணியாலான கனசதுரத்துக்குள் நடனக்கலைஞர் ஒருவர் ஆடுகிறார். துணியில் விழும் கோடுகள் அவர் அசைவுக்கு வளைகின்றன, சிதறுகின்றன. எல்லாம் கணினியின் சமர்த்து என்று நினைக்காதீர்கள்! வெளியே ஒருவர் ஆட்டத்தைப் பார்த்தபடியே உருவங்களை இயக்குகிறார், பாடகரின் போக்கறிந்து வாசிக்கும் மிருதங்கக்காரர் மாதிரி. ஆனாலும் ஒளிக்கு எடை கிடையாது, தள்ளினால் எதிர்க்காது. அந்தக் கனத்தையும் இழுப்பையும் ஆடுபவரின் தோளும் முழங்காலும்தான் காட்டியாக வேண்டும். மைம் கலைஞர்களுக்கு இது பழைய வேலை.