எலும்பு கடிக்கும் மாடும் நரம்பு விஷமும்

மேய்ச்சலில் மணிச்சத்துக் குறைந்தால் மாடுகள் எலும்பைக் கடிக்கும். அழுகிய பிணத்தில் வளரும் பொட்டுலினம் என்னும் கிருமியின் விஷம் அவ்வழியே உட்புகுந்து நரம்புகளை முடக்க, மாடு எழமாட்டாது மூச்சடங்கி மாளும். 2019-ஆம் வருஷம் ராஜஸ்தானத்துச் சாம்பர் ஏரியில் பல்லாயிரம் பறவைகள் இவ்விஷத்தால் மடிந்தன.

நெடுங்காலமாக இதனைச் சுண்டெலிகளுக்கு ஊசியிட்டு அறிந்து வருகின்றனர். தட்டில் வளர்த்த நரம்பணுக்களைக் கொண்டும் இப்பொழுது அறியலாகும். விஷமிருப்பின் அணுவிலுள்ள குறிப்பிட்ட புரதம் துண்டுபடும். ஏ வகை விஷத்தாலான மருந்தின் வீரியத்தை இவ்வாறு அளக்க அமெரிக்க அரசாங்கம் 2011-இல் அனுமதித்தது.

ஆயினும் முடிவு வருமுன் மாடு மாளக்கூடும். ஆதலால் காங்கயம் மாடு வளர்ப்போர் கொறங்காட்டில் கிடக்கும் எலும்புகளைப் பொறுக்கி அகற்றி, தாது உப்புக் கலவை கொடுத்து வருக. கிராம அதிகாரிகள் கால்நடை வைத்தியருக்கு அறிவித்து, செத்த பிராணிகளை ஆழப் புதைப்பிப்பார்களாக.