மனப்பாங்கும் மருத்துவத் துறையும்

மருத்துவம் ஒன்றே ஆயினும் அதன் கிளைகள் பலவாம். அறுவை மருத்துவர் நெருக்கடி நேர்ந்தவிடத்து நொடிப்பொழுதில் முடிவு செய்தல் வேண்டும். மனநோய் மருத்துவரோ நோயாளியின் சொற்களை நெடுநேரம் பொறுமையோடு கேட்டல் வேண்டும். நோய்க்குறியியல் வல்லுநர் நுண்ணோக்கியின் முன் தனித்திருந்து உழைப்பார். மருத்துவக் கல்வியை முடிக்கும் மாணவர் இவற்றுள் எதனை மேற்கொள்வது? தேர்வு பிழைபடின் வருந்துபவர் அவர் மட்டும் அல்லர். அவரை நாடி வரும் நோயாளியும் வருந்துவார்.

இவ்வினாவிற்கு விடை காண முயன்றவருள் ஒருவர் அமெரிக்க நாட்டு இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ் அம்மையார் (1897–1980). அவர் உளநூலை முறையாகப் பயின்றவர் அல்லர். துப்பறியும் கதை எழுதிப் பரிசு பெற்றவர். சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் யுங் 1921-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் மாந்தரின் மனப்பாங்குகளை வகுத்துரைத்தார். அதனைத் தழுவி, அம்மையாரும் அவர்தம் அன்னையார் காத்தரின் பிரிக்ஸும் ஒரு சோதனையை அமைத்தனர். ஒருவர் பலரோடு பழகுவதால் ஊக்கம் பெறுகின்றாரா, தனிமையால் பெறுகின்றாரா? கண்கூடான செய்திகளில் கருத்தூன்றுகின்றாரா, அவற்றின் உட்பொருளை நாடுகின்றாரா? இவை போன்ற நான்கு இணைகளைக் கொண்டு, மக்களை 16 வகையினராக அச்சோதனை பிரித்தது.

1950-களில் அம்மையார் 45 மருத்துவக் கல்லூரிகளைச் சேர்ந்த 5,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் விடைகளைத் திரட்டினார். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தபின், அவர்கள் எத்துறைகளை மேற்கொண்டனர் என்பதை ஆராய்ந்தார். உட்பொருளை நாடுவோர் மனநோய் மருத்துவத்தையும், கண்கூடான செய்திகளில் கருத்தூன்றுவோர் பொது மருத்துவத்தையும் மிகுதியாக விரும்பியிருந்தனர். ஆயினும் ஒவ்வொரு துறையிலும் பல்வகை மனப்பாங்கினரும் காணப்பட்டனர்.

உளநூலார் பலர் இச்சோதனையின் குறைகளையும் எடுத்துக்காட்டியுள்ளனர். மக்களின் உயரத்தை அளந்தால் பெரும்பாலோர் நடுத்தரமாகவே இருப்பர். அவர்களை நெட்டையர், குட்டையர் என இரண்டாகப் பிரித்தல் பொருந்துமோ? மனப்பாங்கும் அத்தகையதே. நடுவே நிற்பவர் சில வாரங்கள் கழித்து மீண்டும் சோதனை எழுதின், வேறு வகையினராக எண்ணப்படுதலும் உண்டு. மேலும், ஒருவரின் விருப்பத்தை இது கூறுமேயன்றி, அவருடைய திறமையைக் கூறாது. அதனாலேயே, பணிக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்க இதனைப் பயன்படுத்தலாகாது என இதனை வெளியிடுவோரே கூறுகின்றனர்.

ஆதலின், மாணவர் ஒவ்வொரு துறையிலும் சில காலம் பணிபுரிந்து, மூத்த மருத்துவரின் அறிவுரையைக் கேட்டு, தம் உள்ளத்தையும் ஆராய்ந்து முடிவு செய்தலே நன்று. சோதனை ஒரு கண்ணாடி. அது முகத்தைக் காட்டும். செல்லும் வழியைக் காட்டாது.