இலக்குக்கு மூன்று அடையாளங்கள்

‘உற்பத்தியைப் பெருக்குவோம்’ என்னும் தீர்மானம் விருப்பமேயன்றி இலக்கு ஆகாது. இலக்கிற்கு அளவு, கெடு, பொறுப்பாளர் ஆகிய மூன்றும் வேண்டும்.

நம் பள்ளிக்கரணையையே காண்க. சதுப்பு நிலத்தைக் காக்க வேண்டுமெனப் பல்லாண்டுகள் பேசப்பட்டும் அது சுருங்கியே வந்தது. 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டபோது, அளவும் அமைந்தது. வனத்துறை என்னும் பொறுப்பாளரும் அமைந்தது. 2022-இல் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் பன்னாட்டு ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

சங்கத்துக்கும் இதுவே முறை. தீபாவளிக்கு 120 சேலைகள் தேவையெனக் கொள்வோம். 12 தறிகளுக்குத் தலைக்குப் பத்து. சேலை ஒன்றுக்கு 4 நாள் எனில் 40 வேலை நாள்கள். சாயத்துக்கும் பாவுக்கும் மழைக்குமாக 20 நாள் கூட்டுக. விற்பனை தொடங்கும் நாளிலிருந்து 60 நாள் பின்னோக்கி எண்ணி, அதற்குள் நூல் கைக்கு வருமாறு கடனுக்கு விண்ணப்பிக்க. விவசாயிகளும் பயிர்க்கடனை அறுவடை நாளிலிருந்தே இவ்வாறு கணக்கிடலாம்.

தறிவாரியாகப் பொறுப்பாளரின் பெயரெழுதி, வாரந்தோறும் நெய்த எண்ணிக்கையைப் பதிவேட்டில் குறித்திடுக. குறைவு தெரிந்த வாரமே காரணம் காண்க. பண்டிகை கழிந்து வரும் சேலை அலமாரியில் தங்கும். கடன் வட்டியோ தங்காது வளரும்.