பூமியின் காந்தம் பாடுமா?

திசைகாட்டியின் முள் அசையாமல் வடக்கு நோக்கி நிற்பதாகவே நமக்குத் தோன்றும். நுட்பமான கருவிகொண்டு நோக்கினால், அதன் திசை ஓயாமல் சிறிதளவு மாறிக்கொண்டே இருப்பது தெரியும். கதிரவனிலிருந்து வீசும் மின்துகள்கள் புவிக் காந்தப் புலத்தைக் கலக்குவது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இக்கலக்கத்தை அளவிட, 1949-இல் ஜெர்மானிய அறிஞர் ஜூலியஸ் பார்ட்டல்ஸ் ‘கே.பி.’ என்னும் குறியெண்ணை அறிமுகப்படுத்தினார். 3 மணி நேரத்திற்கு ஓர் அளவீடு, நாளொன்றுக்கு 8, ஆண்டுக்கு 2,920. குறியெண் 0 முதல் 9 வரை மூன்றில் ஒரு பங்கு வீதம் ஏறும். ஆகவே மொத்தம் 28 படிகள்.

அமெரிக்க இசையமைப்பாளர் சார்லஸ் டாட்ஜ், 1961-ஆம் ஆண்டின் அளவீடுகளை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு படிக்கும் ஒரு சுரம்: ஏழு சுரங்கள், நான்கு ஸ்தாயிகள்; 7 × 4 = 28! ஓராண்டின் அளவீடுகளை எட்டு நிமிடத்திற்குச் சற்று மேற்பட்ட இசையாகச் சுருக்கிக் கணிப்பொறியால் ஒலிக்கச் செய்தார். 1970-இல் அது இசைத்தட்டாக வெளிவந்தது.

அப்படியானால் பாடியது பூமியா, டாட்ஜா?

ஒரு சிறு சோதனை செய்வோம். அளவீடுகள் 1, 2, 5, 2 என்க. 1-க்கு ‘ச’, 2-க்கு ‘ரி’ என ஏறுமுகமாக வைத்தால் ‘ச ரி ப ரி’ கிடைக்கும். 1-க்கு ‘நி’, 2-க்கு ‘த’ என இறங்குமுகமாக வைத்தால் ‘நி த க த’ கிடைக்கும். எண்கள் அவையே, இசையோ வேறு! முன்னதில் காந்தப் புயல் மேலெழும் ஒலி. பின்னதில் அதே புயல் தாழ்ந்து இறங்கும் ஒலி. இரண்டும் பிழையல்ல. ஆனால் விதியை அறியாதவருக்குப் புயல் எது, அமைதி எது என்று விளங்காது.

இசை இனிதா என்பதைக் காதே முடிவு செய்யலாம். அதற்கு விதி தேவையில்லை. அது கதிரவனைப் பற்றி என்ன சொல்கிறது என்று அறியவோ, இசை உருவான முறை தெரிந்தே ஆகவேண்டும். சுரங்களின் வரிசையும் திடீர்த் தாவல்களும் இயற்கை தந்தவை. ஏழு சுரங்களும் வேகமும் மனிதர் தேர்ந்தவை. இவ்விரண்டையும் பிரித்தறிவதே அறிவியல் நோக்கு.

செய்து பாருங்கள்: ஒரு மாதத்தின் பகல் வெப்பநிலைகளைக் குறித்து, ஒரு விதி வகுத்துச் சுரங்களாக்குங்கள். முதலில் விதியைச் சொல்லாமல் நண்பரிடம் பாடிக்காட்டி, மிக வெப்பமான நாள் எது என்று கேளுங்கள். பிறகு விதியைச் சொல்லி மீண்டும் கேளுங்கள். விடையில் வேறுபாடு உண்டா?