ஜெனரேட்டர் வாசலுக்கு வெளியே இருக்கட்டும்

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. டெல்டாவில் மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. பல கிராமங்களுக்குக் கரண்ட் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது. குடிதண்ணீர்த் தொட்டியை நிரப்பவும் செல்போனுக்கு சார்ஜ் ஏற்றவும் மக்கள் ஜெனரேட்டரைத் தேடி அலைந்தார்கள். பட்ட பாட்டை மறக்காமல் சின்னதாக ஒரு பெட்ரோல் ஜெனரேட்டரை வாங்கி வைத்தவர்கள் உண்டு. நல்ல முடிவுதான். ஆனால் அந்த மெஷின் வருஷத்தில் பதினோரு மாதம் மூலையில் தூங்குகிறது. பன்னிரண்டாவது மாதத்தில், இருட்டில், கொட்டும் மழையில், அவசர அவசரமாக அதை எழுப்புகிறோம். உயிர் போவதும் மெஷின் பாழாவதும் பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான். ஐப்பசி அடைமழையில் செய்யப்போவதைப் புரட்டாசி வெயிலிலேயே செய்து பார்த்துவிடுங்கள் என்பதே என் ஆலோசனை.

முதல் கேள்வி: எங்கே வைப்பது?

நனைந்துவிடுமே என்று ஜெனரேட்டரை போர்டிகோவுக்குள்ளோ, மாடிப்படிக்குக் கீழேயோ, கடை ஷட்டருக்கு உள்ளேயோ இழுத்து வைக்கிறோம். இதைவிடப் பெரிய தவறு கிடையாது. புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, அப்புறம் கிறுகிறுப்பு, குமட்டல், கை கால் தளர்ச்சி. புயல் அலைச்சலில் வந்த அசதி என்று நினைத்துப் படுத்தவர் அப்படியே நினைவிழந்துவிடலாம். ஜன்னலைத் திறந்து வைத்தாலும், ஃபேனைச் சுழலவிட்டாலும் இதிலிருந்து தப்ப முடியாது.

கதவு, ஜன்னல், வென்டிலேட்டர் எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது 20 அடி தள்ளி, திறந்த வெளியில் வையுங்கள். சைலன்சர் வாய் உங்கள் வீட்டைப் பார்த்தும் இருக்கக் கூடாது, பக்கத்து வீட்டைப் பார்த்தும் இருக்கக் கூடாது. மழைக்கு நான்கு கால் நட்டு, உயரமாக ஒரு தகரக் கூரை போடுங்கள். நான்கு பக்கமும் திறந்திருக்கட்டும். ஓடும் மெஷின் மேல் தார்ப்பாயைப் போர்த்தாதீர்கள். சைலன்சர் சூட்டில் அது பற்றிக்கொள்ளும். ஈரம் படாத மேடை, காய்ந்த கை, காலில் ரப்பர் செருப்பு, இவை மூன்றும் இல்லாமல் பக்கத்தில் போகவே வேண்டாம்.

வீட்டில் யாருக்காவது தலை சுற்றினால் காரணம் தேடிக்கொண்டிருக்காதீர்கள். எல்லோரையும் வெளியே கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள். 20 அடி இடமே இல்லாத நெருக்கமான தெருவில் குடியிருப்பவர்களுக்கு நேராகவே சொல்கிறேன்: உங்களுக்கு ஜெனரேட்டர் வேண்டாம். பாட்டரி வைத்த இன்வெர்ட்டர் போதும்.

சுவர் சாக்கெட்டில் சொருகாதீர்கள்

இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய வயர் ஒன்றைத் தயார் செய்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறு முனையைச் சுவர் சாக்கெட்டிலும் சொருகி வீடு முழுவதற்கும் கரண்ட் கொடுக்கும் பழக்கம் ஊர்ப்பக்கம் இருக்கிறது. ஒரு முனை கழன்று விழுந்தால் அதன் பித்தளைப் பின்கள் வெறுமனே 230 வோல்ட்டோடு தரையில் கிடக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து தெருவில் இருக்கிறது. மெயினை ஆஃப் செய்ய மறந்திருந்தால் உங்கள் கரண்ட் சர்வீஸ் வயர் வழியாக டிரான்ஸ்பார்மருக்குப் போகும். 11,000 வோல்ட்டைக் குறைத்து வீட்டுக்குத் தரும் அதே டிரான்ஸ்பார்மர், எதிர்ப்பக்கமாக வந்தால் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றிக் கம்பிக்கு அனுப்பிவிடும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பம் ஏறிய லைன்மேன் அந்தக் கம்பியில்தான் கை வைப்பார்.

இதற்கு வழி சேஞ்ச் ஓவர் சுவிட்ச். ஈபி ஒரு பக்கம், ஜெனரேட்டர் ஒரு பக்கம். இரண்டும் ஒரே நேரத்தில் சேரவே முடியாது. பேஸ், நியூட்ரல் இரண்டையும் மாற்றும் வகையைக் கேட்டு வாங்கி, லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கொண்டு மாட்டுங்கள். எர்த்தையும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை, வேண்டிய சாமான்களை மட்டும் தடிமனான எக்ஸ்டென்ஷன் வயரில் நேராக ஜெனரேட்டரிலிருந்து ஓட்டுங்கள். வயரைச் சுருளாக விடாமல் முழுவதும் பிரித்துப் போடுங்கள். சுருட்டிய வயர் சூடேறி உருகும்.

பெட்ரோல் விஷயத்தில் நிதானம்

ஓடிக்கொண்டிருக்கும்போதோ நிறுத்திய கையோடோ டாங்க்கைத் திறக்கக் கூடாது. நிறுத்தி, கால் மணி நேரம் ஆறவிட்டு ஊற்றுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்துபோய்த் தூரத்தில் இருக்கும் விளக்கையும் அடுப்பையும் தேடிப் பிடிக்கும். மெழுகுவத்தி வெளிச்சத்தில் பெட்ரோல் ஊற்றுபவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. டாங்க்கை விளிம்பு வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். சிந்தியதைத் துடைத்து, காய்ந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.

தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வாங்கி வைப்பது ஆபத்து மட்டுமல்ல, சட்டத்துக்கும் பொருந்தாது. 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாமல் லைசென்ஸ் இன்றி 30 லிட்டர் வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் உலோகக் கேனில், இறுக்கமான மூடியோடு. ஒரு கேன் 25 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. கேனை வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணலும் பவுடர் வகைத் தீயணைப்பானும் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீரை ஊற்றினால் தீ பரவத்தான் செய்யும்.

எவ்வளவு தாங்கும்?

2 கேவிஏ ஜெனரேட்டர் என்றால் கையில் வருவது ஏறக்குறைய 1,600 வாட் என்று வையுங்கள். மூன்று ஃபேனுக்கு 225, ஆறு எல்இடி பல்புக்கு 54, டிவிக்கு 80, ஃபிரிட்ஜுக்கு 150. கூட்டினால் 509. கணக்கு லேசாகத் தெரிந்தாலும் ஃபிரிட்ஜ் கிளம்பும் கணத்தில் தன் 150 வாட்டைப்போலப் பல மடங்கு இழுக்கும். ஆகவே ஃபிரிட்ஜை முதலில் போட்டு, அது நிலைக்கு வந்த பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாகப் போடுங்கள். 1 எச்பி மோட்டார் ஓடும்போது ஆயிரம் வாட்டுக்குச் சற்று மேல் எடுத்தாலும் ஸ்டார்ட் ஆகும்போது ஐந்தாறு மடங்கு கேட்கும். இந்த மெஷினால் அதைக் கொடுக்க முடியாது. அயர்ன் பாக்ஸ், கெய்சர், மின்கெட்டில் இவற்றைக் கரண்ட் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். மொத்தச் சுமை எப்போதும் முக்கால் பங்கைத் தாண்ட வேண்டாம். நிறுத்தும்போது முதலில் சாமான்களை அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் சும்மா ஓடவிட்டு, அப்புறம் நிறுத்துங்கள்.

கார்புரேட்டர் சொல்லும் கதை

"போன வருஷம் நன்றாக ஓடியது, இப்போது எத்தனை இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகவில்லை" என்பதுதான் மெக்கானிக்குகள் அதிகம் கேட்கும் புகார். காரணம் பெரும்பாலும் பழைய பெட்ரோல். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். கார்புரேட்டரின் அடியில் கிண்ணம் போன்ற பாகத்தில் ஒரு சின்ன டிரெயின் ஸ்க்ரூ இருக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது அதைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெயிலில் பாருங்கள். அடியில் தனிப் படலம் தேங்கியிருந்தால் தண்ணீர் பிரிந்துவிட்டது. வார்னிஷ் நெடி அடித்தால் பெட்ரோல் கெட்டு, ஊசித் துளை அளவுள்ள ஜெட்டில் பிசினாகப் படிந்திருக்கும்.

அதனால் ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் டாங்க்கைக் காலி செய்யுங்கள். பெட்ரோல் வால்வை மூடி, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிட்டு, மிச்சத்தை டிரெயின் செய்துவிடுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை புதுப் பெட்ரோல் ஊற்றி, இரண்டு ஃபேன் சுமையோடு இருபது நிமிடம் ஓட்டுங்கள்.

ஆயிலைத் தினமும், சமதரையில் வைத்து, ஸ்டார்ட் செய்வதற்கு முன் பாருங்கள். புது மெஷினுக்குப் பொதுவாக முதல் 20 மணி நேரத்தில் ஒரு மாற்றம். பிறகு மாடலைப் பொறுத்து 50 அல்லது 100 மணிக்கு ஒருமுறை. மேனுவல் சொல்வதே இறுதி. நாளெல்லாம் ஓடினால் நான்கைந்து நாளிலேயே 50 மணி நேரம் முடிந்துவிடும் என்பதை மறக்காதீர்கள். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சைச் சோப்பு நீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, மேனுவல் சொன்னால் சில சொட்டு எஞ்சின் ஆயில் தடவிப் பிழிந்து மாட்டுங்கள். அடைத்த ஃபில்டர் பெட்ரோலையும் தின்னும், புகையையும் கூட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வைக்கப்போகும் இடத்துக்கு அடி அளந்து குறி போடுங்கள். சேஞ்ச் ஓவர் சுவிட்சுக்கு எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி வையுங்கள். வீட்டில் இன்னும் ஒருவருக்காவது ஸ்டார்ட் செய்யவும் நிறுத்தவும் கற்றுக்கொடுங்கள். புயலுக்கு மறுநாள் உங்கள் தெருவில் கம்பம் ஏறுபவரும், உங்கள் வீட்டுக்குள் தூங்கும் குழந்தையும் பத்திரமாக இருப்பது நீங்கள் செய்யும் இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது.