தலைக்காயமும் முகமும்: தோலுக்குக் கீழே என்ன இருக்கிறது?



தலையில் அடிபட்டு ரத்தம் கொட்டினால் நம்ம வீடுகளில் முதலில் ஓடுவது அடுப்படிக்குத்தான். காப்பித்தூள், மஞ்சள்தூள், சில வீடுகளில் சுண்ணாம்பு. ஏன் என்று கேட்டால், "ரத்தம் நிக்கணும்ல மேடம்?" என்கிறார்கள். நிற்க வேண்டும், சரிதான். ஆனால் தலையில் மட்டும் ஏன் இவ்வளவு ரத்தம் வருகிறது?

இப்போதே விரல்களை உச்சந்தலையில் அழுத்தி வைத்து முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். தோல் நகருது, எலும்பு நகரலை, இல்லையா? மண்டை ஓட்டின் மேல் ஐந்து அடுக்குகள் இருக்கின்றன. மேலே முடி முளைக்கும் தோல். அதன் கீழே தேங்காய் மட்டை போல நார் பின்னிய அடுக்கு. ரத்தக் குழாய்கள் இதற்குள்தான் ஓடுகின்றன. மூன்றாவது, நெற்றித் தசையையும் பின்மண்டைத் தசையையும் இணைக்கும் தட்டையான சவ்வு. நாலாவது தளர்வான அடுக்கு. கடைசியாக எலும்பை ஒட்டிய மெல்லிய உறை. முதல் மூன்றும் ஒரே துண்டாக அந்தத் தளர்வான அடுக்கின் மேல் வழுக்கும். மிஷினில் கூந்தல் சிக்கினால் தலைத்தோல் மொத்தமாக உரிந்து வருவது இதனால்தான். மாவு மிஷின் பக்கம் போகும்போது கூந்தலைக் கொண்டையாக முடிந்துகொள்ளுங்கள்.

கையில் வெட்டுப்பட்டால் அறுந்த ரத்தக் குழாய் சுருங்கிக்கொள்ளும். தலையிலோ, அந்த நார் குழாயின் வாயை இழுத்துத் திறந்தே வைத்திருக்கும். அதனால் சின்னக் காயத்துக்கும் சேலை நனைஞ்சிடும். ஆனால் அடியில் கெட்டியான எலும்பு இருப்பது நமக்குச் சாதகம். சுத்தமான துணியை மடித்து வைத்து 10, 15 நிமிடம் கை எடுக்காமல் அழுத்தினால் பெரும்பாலும் நின்றுவிடும். நின்னுச்சான்னு எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. தூள் போட்டால் காயத்தில் கிருமி சேரும்; தளர்வான அடுக்கில் அது வேகமாகப் பரவும். மாமல்லபுரம் சிற்பக் கூடங்களில் தெறிக்கும் கல் சில்லு போல ஏதாவது குத்தி நின்றால் பிடுங்க வேண்டாம். எலும்பு பள்ளமாகத் தெரிந்தால் அழுத்த வேண்டாம். லேசாக மூடி 108-ஐக் கூப்பிடுங்கள். வாந்தி, தூக்கக் கலக்கம், வலிப்பு, காதிலோ மூக்கிலோ ரத்தமோ தண்ணியோ வந்தாலும் அப்படித்தான்.

தலையில் பட்ட அடிக்கு மறுநாள் கண் கறுத்து வீங்கலாம். தளர்வான அடுக்கு வழியாக ரத்தம் இமைக்கு இறங்குவதே காரணம். இரண்டு கண்ணும் கறுத்தால் மண்டையின் அடி எலும்பு உடைந்ததாகவும் இருக்கலாம். "கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்று சொல்லும் சகோதரிகள் நம் குழுக்களிலும் இருக்கிறார்கள். எதனால், எங்கே அடிபட்டது என்பதை டாக்டரிடமாவது உள்ளபடி சொல்லுங்கள். எந்த எலும்பைப் படம் எடுப்பது என்பது அதைப் பொறுத்தது. உதவிக்கு 181 இருக்கிறது.

முகத்தில் 14 எலும்புகள். அசைவது கீழ்த்தாடை மட்டும்தான். முகத் தசைகள் தோலிலேயே ஒட்டியிருக்கின்றன, அதனால்தான் சிரிப்பும் கோபமும் உடனே தெரிகிறது. இவற்றை ஆட்டிவைக்கும் நரம்பு காதுக்குக் கீழே வெளிவந்து கன்னத்தில் ஐந்து கிளையாகப் பிரியும். கன்னத்தில் ஆழமாக வெட்டுப்பட்டவரைக் கண்ணை மூடச் சொல்லி, சிரிக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரு பக்கம் அசையாவிட்டால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அடியே படாமல் திடீரென வாய் கோணினால் "காத்து அடிச்சிருக்கு" என்று மந்திரிக்கப் போகாதீர்கள். நெற்றியைச் சுருக்கச் சொன்னால் இரண்டு பக்கமும் சுருங்கி, வாய் மட்டும் கோணினால் மூளையில் பக்கவாதமாக இருக்கலாம். நெற்றியும் சுருங்காவிட்டால் முக நரம்பு வாதமாக இருக்கலாம். எது என்று நாம் முடிவு கட்ட வேண்டாம். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. எத்தனை மணிக்குக் கோணியது என்று குறித்துக்கொண்டு உடனே கிளம்புங்கள்.

சாலை விபத்து என்றால் பணத்துக்கு யோசித்து நிற்க வேண்டாம். 2021 டிசம்பரில் நம்ம மேல்மருவத்தூரில்தான் 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கப்பட்டது. திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். ஹெல்மெட் வண்டி ஓட்டும் வீட்டுக்காரருக்கு மட்டும் இல்லை. பின்னால் உட்காரும் நமக்கும் 2015 ஜூலையில் இருந்தே கட்டாயம். ஈ.சி.ஆரில் போகும்போது எண்ணிப் பாருங்கள், பின் சீட்டில் எத்தனை பெண்கள் தலையில் பூ மட்டும் வைத்திருக்கிறார்கள் என்று.